உன் அம்மாவின் மூச்சைச் சந்தேகப்பட்டேன்

அன்புள்ள அப்பு,

நேற்று ஞாயிறு பூசையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். உன் பெயரும் ஜெனியின் பெயரும் ஒலிபெருக்கியில் சேர்ந்து கேட்டபோது, பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கு அடுத்து வரும் வாசகம் உனக்குத் தெரிந்ததுதான். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது. எத்தனையோ பேருக்கு வாசிக்கக் கேட்டிருக்கிறேன். நேற்று அது என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. தடை எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை ஃபாதரிடம் கொண்டுபோக மாட்டேன். ஒரு தடவை ஒரு சந்தேகத்தை அவரிடம் கொண்டுபோய் நான் செய்த காரியம் இந்த ஆயுசுக்குப் போதும். உன்னிடம்தான் கேட்க வேண்டும். நேரில் கேட்டால், நான் கேட்கிற விதத்தில் நீ எழுந்து போய்விடுவாய் என்று போன வாரம் பார்த்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நீ வந்திருந்தபோது காலையில் ஐந்து மணிக்கே உன் அறையில் விளக்கு எரிந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. நீ தரையில் சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். எவ்வளவு நேரம் நான் அங்கே நின்றேன் என்று நீ கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இட்லி சாப்பிடும்போது உன் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். நீயும் சாதாரணமாகத்தான் சொன்னாய், கொஞ்ச நாளாகவே காலையில் மூச்சைக் கவனித்துக்கொண்டு அரை மணி நேரம் ஜெபத்தில் இருப்பதாகவும், மனசு அடங்குவதாகவும். நான் ஆரம்பித்தேன். யார் சொல்லிக்கொடுத்தது, எந்த ஊர்க்காரர், எத்தனை மாதமாக, கூட யார் யார் உட்காருகிறார்கள், ஜெனிக்குத் தெரியுமா, அதற்கு முன்னால் மனசு ஏன் அடங்கவில்லை. நீ இரண்டாவது இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, "நல்ல விஷயம்தானப்பா, இதுக்கு ஏன் இம்புட்டுக் கேள்வி" என்றாய். கையைக் கழுவிவிட்டு, மாலை பஸ்ஸுக்குப் போகிறவன் காலையிலேயே ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய். அன்று இருட்டும்வரை உன் அம்மா என்னோடு பேசவில்லை.

ஏன் இம்புட்டுக் கேள்வி என்று கேட்டாய் அல்லவா? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உனக்குத் தெரியாத சிலதைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் நம் வீட்டில் நடந்ததை உன் அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காக மீதியை விட்டுவிட்டாள்.

என் வேலை உனக்குத் தெரியும். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். நிலக்கோட்டை லைனிலும் குஜிலியம்பாறை லைனிலும் வழியில் கையைக் காட்டி நிறுத்தி ஏறி, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மனிதர்களுடைய கையைப் பார்த்தே காலம் தள்ளினவன். ஆனால் கையைவிட மூச்சுதான் காட்டிக்கொடுக்கும் என்பது என்னுடைய கண்டுபிடிப்பு. நான் படியில் கால் வைத்ததும் டிக்கெட் எடுக்காதவன் மூச்சை நிறுத்திக்கொள்வான். தோள் அசையாது. நேரே அவனிடம் போய் நிற்பேன். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர்களுக்கு இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஒருநாள் குஜிலியம்பாறை பஸ்ஸில் ஒருவர் அப்படி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் டிக்கெட்டை நீட்டினார். சரியான டிக்கெட். நம்பாமல் அவர் வைத்திருந்த பையையும் திறக்கச் சொன்னேன். உள்ளே ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரே கவரும் ஒரு பெண்பிள்ளையின் கவுனும் இருந்தன. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன். அன்றைக்காவது ஏதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜெபத்திலும் நான் அப்படித்தான் இருந்தேன் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏழு மணிக்கு மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலை. நீ தூங்கி விழுந்தால் அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு உன்னையே பார்ப்பேன். நீ திடுக்கிட்டு எங்கே விட்டோம் என்று தெரியாமல் முழிப்பாய். பக்தி என்று நான் நினைத்திருந்தது வருகைப் பதிவேடு. ஐம்பத்து மூன்று மணியும் உருண்டதா, எல்லோரும் வாய் அசைத்தார்களா, அவ்வளவுதான். கடவுள் அங்கே இருந்தாரா என்று நான் பார்த்ததே இல்லை. அவரைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்தேன்.

கொரோனாவில் உன் அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தது உனக்குத் தெரியும். அதோடு அது முடிந்தது என்றுதான் நீயும் நானும் நினைத்தோம். அதற்கப்புறம் சில வருஷம் ஓடிவிட்டது. அவளும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஒரு நாள் மாலை ஜெபமாலையில் அவள் குரல் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி, வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, மனசுக்குள் சொல்வதாகச் சொன்னாள். அடுத்த நாளும் அப்படியே. முப்பது வருஷம் வகுப்பறையே அதிரக் கத்தின டீச்சர் திடீரென்று மனசுக்குள் ஜெபிக்கிறாள் என்றால் எனக்கு எப்படியிருக்கும்? பிறகு திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே போக ஆரம்பித்தாள். அன்பியக் கூட்டம் என்றாள். தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியம் கூடுவது சனிக்கிழமை. ஐந்தரைக்குத் திரும்பி வருவாள். முகம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுதான் என்னை ரொம்ப உறுத்தியது.

அவள் பையை நான் சோதித்தேன். இதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. மணிபர்ஸுக்குள் மடித்த காகிதத்தில் அவள் கையெழுத்தில் 4 – 6 என்று இருந்தது. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் ஐந்தரைக்கு எப்படி வீட்டுக்கு வருகிறாள்? நேரம் ஒத்துவராததால் சந்தேகம் இன்னும் பெரிதாகிவிட்டது. ஏதோ ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். நம் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் அப்படிக் கோயிலை விட்டுப் போயிருந்தன. முதலில் ஜெபமாலையைத்தான் நிறுத்தச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவள் ஏறிய நிலக்கோட்டை பஸ்ஸை அடுத்த பஸ்ஸில் தொடர்ந்து போனேன். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கோயில் இருக்கிறதே, அந்த நிறுத்தத்தில் ரோட்டோரம் அவள் மெதுவாக நடந்து போவது தெரிந்தது. அங்கே மாதம் ஒரு ஞாயிறுதான் பூசை. வியாழக்கிழமை மத்தியானம் என்ன வேலை? கோயிலை ஒட்டின மறைக்கல்வி அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். வயிற்றின் மேல் கை. நடுவில் நெற்றியில் பொட்டு வைத்த ஒரு இளம்பெண் நின்று, இழுங்க, விடுங்க என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். பைபிள் இல்லை, ஜெபமாலை இல்லை. உன் அம்மாவுக்குப் பக்கத்தில் கண்டாங்கிச் சேலை கட்டின ஒரு வயசான அம்மா, நெற்றி நிறையத் திருநீறு. சபை இல்லை, அதைவிட மோசம் என்று நினைத்தேன். நம் மாதா படத்துக்குக் கீழேயே வேறு எவரோ வந்து உட்கார்ந்துகொண்டு நம் ஆட்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்து மெதுவாகக் கலைக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போய் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான்.

வீட்டுக்கு வந்து ஃபாதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிளைக் கோயில் அறையில் விசுவாசத்துக்கு விரோதமாக ஒரு கும்பல் கூடுகிறது, விசாரித்து நடவடிக்கை எடுக்கவும் என்று. பெயர் போடவில்லை. வேலையில் இருந்தபோது மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்களை நான் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன் தெரியுமா? கடிதத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, முழங்காலில் இருந்து ஒரு பரலோக மந்திரமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கடிதம் பங்குப் பேரவையில் வாசிக்கப்பட்டிருக்கிறது. ஆளுக்கு ஒன்று பேசினார்களாம். வம்பு வேண்டாம் என்று ஃபாதர் அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை உன் அம்மா மூன்று மணிக்குப் போனாள், நாலரைக்கே வந்துவிட்டாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே போய்விட்டு இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன், பதில் தெரிந்துகொண்டே. "பூட்டியிருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வெயிலில் ரோட்டுக்கும் கோயிலுக்கும் இரண்டு தரம் நடந்திருக்கிறாள். படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். உதடு நீலமாக இருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. அத்தனை ஆயிரம் பேருடைய மூச்சைப் பார்த்துக் குற்றம் கண்டுபிடித்தவனுக்கு, தன் வீட்டில் ஒருத்தி மூச்சுக்குத் தவிப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆக்ஸிஜன் வைத்து, செத்த நேரத்தில் நிறம் திரும்பியது. டாக்டர் உன் அம்மாவின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. என்னிடம் திரும்பி, மூச்சுப் பயிற்சியை விடாமல் செய்கிறார்களா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று கண்டு ஃபைலைத் திறந்து காட்டினார். கொரோனாவுக்குப் பிறகு நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. எட்டு மாதமாக அவள் தனியாக வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விட வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பிசியோதெரபி பெண் நித்யா சொல்லிக்கொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர முடியாத கிராமத்து நோயாளிகளுக்காக, யாரிடமும் ஒரு பைசா வாங்காமல், அந்தப் பெண் ஃபாதரிடம் கேட்டு அந்த அறையை வாங்கியிருக்கிறாள். வாரம் இரண்டு நாள், தன் வேலை முடிந்து. அந்தப் பெண்ணைத்தான் நான் கும்பல் என்று எழுதினேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன் அம்மாவிடம் கேட்டேன். ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா ஒவ்வொரு மூச்சுக்கும் டிக்கெட் கேப்பீங்க. நா மூச்சு விடுறதா, ஒங்களுக்குப் பதில் சொல்றதா?"

அப்பு, எனக்குச் சொல்லப்பட்டதிலேயே அதுதான் கடுமையான வார்த்தை. அவள் கோபமில்லாமல் சொன்னாள்.

கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் எந்தப் பாவி அப்படி எழுதினான் என்று அவள் சொல்லிச் சொல்லி ஆறாமல் இருந்தாள். ஒருநாள் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கை நின்றது. பிறகு, "கையெழுத்தாவது போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள்.

மறுநாள் ஃபாதரிடம் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, ஆபீஸில், மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து. அவர் என்னைத் திட்டவில்லை. அறையைத் திறந்துவிடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் யாரும் வர மாட்டார்கள் என்றார். கடிதம் சுற்றிச் சுற்றி வேறு உருவம் எடுத்திருந்தது. நம் ஆட்கள் அதை இந்து யோகா என்று பேச, நிலக்கோட்டைப் பக்கம் கிராமங்களில் அதையே, மூச்சுப் பயிற்சி என்று கூப்பிட்டு வேதத்தில் சேர்க்கிறார்கள் என்று பேசியிருக்கிறார்கள். அந்தத் திருநீறு வைத்த அம்மா, பேச்சியம்மாள் அவர் பெயர், ஊரிலிருந்து வருவதே இல்லை. அவருடைய மகன் விடவில்லை. நித்யா அந்த ஊருக்கே போய்க் கூப்பிட்டபோது நாலு பேர் சேர்ந்து அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என் சந்தேகம் இரண்டு பக்கமும் இரண்டு மதமாகப் பிரிந்து போய் நின்றுகொண்டது.

நான் பேச்சியம்மாளைத் தேடிப் போனேன். ஊருக்கு வெளியே மல்லிகைத் தோட்டம். பூப்பறிப்பு முடிந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் முருகேசன் பூக்கூடையை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். விறகடுப்புப் புகையும் பூச்செடிக்கு அடிக்கிற மருந்தும் சேர்ந்து அந்த அம்மாவின் நெஞ்சைக் கெடுத்திருந்தன. அவர் பேசுவதே துண்டு துண்டாகத்தான் வந்தது. நான் யார் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பழக்கமானது. நான் அடுத்தவர்களைப் பார்த்த பார்வை அது. யார் அனுப்பினார்கள், எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன், அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் என்ன சொந்தம் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நான் சொன்ன ஒன்றைக்கூட அவர் நம்பவில்லை.

பிறகு முருகேசனிடம் திரும்பி, அந்த இடத்தில் எந்த மதமும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டு அப்படி எழுதிக் கிளப்பிவிட்டது நான்தான், நான் எழுதியது பொய் என்று சொன்னேன். வேன் டிரைவரும் பூப்பறிக்கிற நாலைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னதுதான் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. முருகேசன் கூடையைக் கீழே வைத்தார்.

"நீங்க வேதக்காரரு. ஒங்க பொண்டாட்டியையே சந்தேகப்பட்டிருக்கீங்க. எங்காத்தாள ஒங்கள நம்பி அனுப்பச் சொல்றீகளா?"

"என்னைய நம்ப வேணாம்ப்பா. நீயும் கூட வந்து உக்காந்து பாரு" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பேச்சியம்மாள் அப்போது ஒன்று கேட்டார். அந்தப் பெண் எண்ணச் சொல்கிறாள், எனக்கு எண்ணிக்கை தப்பிப்போகிறது, அதனால் இழுக்கும்போது ஆத்தா என்றும் விடும்போது மாரியாத்தா என்றும் சொல்லிக்கொள்கிறேன், அது உங்கள் கோயிலுக்குள் உட்கார்ந்து சொன்னது தப்பா, அதற்காகத்தான் பூட்டினீர்களா என்று. எத்தனை நாளாக அந்த அம்மா இதையே நினைத்துக் குமைந்திருக்கிறாரோ. இல்லை என்று சொன்னேன்.

அறைக்கு மறுபடி போக நித்யாவுக்கு மனமில்லை. அதனால் உன் அம்மா நம் வீட்டுக் கூடத்தைக் கொடுத்தாள். சோபாவை நான்தான் நகர்த்தினேன். இப்போது திங்களும் வியாழனும் மூன்றரை மணிக்கு ஆறேழு பேர் வருகிறார்கள். நீ வந்தபோது மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்த நாற்காலிகள் அதற்குத்தான். பேச்சியம்மாள் இரண்டு மாதம் கழித்து வந்தார், முன்னைவிட இளைத்து. முருகேசன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலைந்து வாரம் அப்படித்தான். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இன்றுவரை அவர் முழுதாக நம்பிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

நானும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்லக் கூடாது, அப்பு. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நாலு எண்ணி இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணைத் திறந்து பார்க்கிறாரா என்று பார்ப்பேன். ஆறு எண்ணி விடும்போது, இதை நான் கடவுளுக்காகச் செய்கிறேனா, உன் அம்மா மன்னிக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறேனா என்று சந்தேகம் வரும். இயேசுவே என்று இழுத்து, இரக்கமாயிரும் என்று விட்டுப் பார் என்று உன் அம்மா சொன்னாள். அவள் அப்படித்தான் செய்கிறாளாம். அன்று மாலை ஜெபமாலையில் வாயை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒரு மணியைச் சத்தமாகச் சொல்லி முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை, அதனால் இரண்டு வார்த்தையாகச் சுருக்கிக்கொண்டாள். நான் அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். ஆட்டோ வேண்டாம் என்று உன் அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், நல்ல கூட்டம், மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நெரிந்து பஸ் நின்றுவிட்டது. அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, ஆனால் காற்றே இல்லை. அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. திரும்பிப் பார்த்தபோது கண் நிலைகுத்தியிருந்தது. அன்று வாசல்படியில் பார்த்த அதே உதடு. நான் சீட்டுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேரே எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேல் எனக்கு எண் மறந்துவிட்டது. சத்தியமாக மறந்துவிட்டது. இயேசுவே என்றேன். அவள் இழுத்தாள். இரக்கமாயிரும் என்றேன். விட்டாள். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிவிட்டு ஜன்னல்களைத் திறந்தார். அவர்மேல் நான் ஒருமுறை ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன், அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பஸ் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சத்தமாகவே சொன்னேன். அவள் மூச்சோடு என் மூச்சும் போய் வந்தது. எத்தனை தடவை என்று தெரியாது. பஸ் நகர்ந்து காற்று வந்தபோது அவள் மெல்ல என் தலையில் கை வைத்து, "போதுங்க, எந்திரிங்க, முழங்கால் வலிக்கும்" என்றாள்.

வாழ்நாளில் ஒரு பஸ்ஸுக்குள் யாரிடம் டிக்கெட் இருக்கிறது என்று நான் பார்க்காமல் இருந்தது அன்று ஒருநாள்தான். அது ஜெபமா என்று எனக்குத் தெரியவில்லை. நித்யாவிடம் கேட்டேன், இதில் வேலை செய்வது கடவுளா, ஆக்ஸிஜனா என்று. "எனக்குத் தெரியாது சார். விரல்ல மிஷின மாட்டிப் பாத்தா ஆக்ஸிஜன் அளவு கூடியிருக்கு. அத மட்டுந்தான் நா சொல்ல முடியும்" என்றாள். அந்தப் பெண்ணை நான் நம்புவதற்கு அந்தப் பதில் ஒரு காரணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாள். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவரிடமும் அப்படி ஒரு கேள்வி கேட்டுப் பார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளியே இரு. உன் வீட்டாரிடம் சொல்லாதே என்றால் எழுந்து வந்துவிடு. உன் போனில் பேசுகிற குரல் எதுவாவது சாந்தியாக இரு, சாந்தியாக இரு என்று காலை மாலை கூப்பிட்டால், அதற்கு உன்னிடம் என்ன வேண்டும் என்று யோசி. இதெல்லாம் என் புத்தி. மாறாது. ஆனால் மூச்சை நான் இப்போது சந்தேகப்படுவதில்லை. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உன் அம்மா அந்த இரண்டு வார்த்தையை உள்ளே இழுத்து வெளியே விடுகிறாள். அவளுக்கு ஜெபம் ஏழு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிவதில்லை. நானும் அவ்வப்போது செய்கிறேன். பாதி நாள் வெறும் காற்றுதான். சில நாள், அந்தக் காற்றை எனக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவர் யார் என்ற எண்ணம் வரும். நான் கேள்வி கேட்காமல் விட்டுவிடும் ஒரே இடம் அது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உன் அம்மா எட்டு மாதம் ஜெபத்துக்குப் பின்னால் ஒரு நோயை மறைத்து வைத்திருந்தாள். எனக்குப் பயந்துதான் மறைத்தாள். நீ ஐந்து மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது நான் நீ எந்தச் சாமியாரிடம் போகிறாய் என்று யோசிக்கவில்லை, அப்பு. வாயில் வந்த கேள்விகள்தான் அப்படி வந்தன. நான் யோசித்தது, நீ மூச்சை விடும்போது உன் தோள் நடுங்கியதைப் பற்றி. உன் கன்னம் ஈரமாக இருந்ததைப் பற்றி. கதவிடுக்கில் நின்று நான் பார்த்தது அதைத்தான். ஜெபத்தில் கண் கலங்குவது உண்டு, அது நல்லது என்று உன் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நீ எதற்காக இதை ஆரம்பித்தாய்? உடம்புக்கு ஏதாவதா? வேலையில் ஏதாவதா? இந்தக் கல்யாணம் உனக்குச் சம்மதம்தானே?

ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க முடியவில்லை. இன்னொரு தரம் கேட்க மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஜெனியிடம் சொல். கல்யாணத்துக்கு முன்னால் சொல். ஒரே வீட்டில் படுத்து எழுந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்ப்பது என்ன வாழ்க்கை என்று எனக்குத் தெரியும். அதற்குக் காரணமாக இருந்தவன் நான். அந்தப் பெண்ணை அந்த நிலைமைக்குக் கொண்டுபோகாதே. அவள் உன்னைக் கேள்வி கேட்டால் பதில் சொல். அவள் கேள்வியே கேட்காமல் உனக்குச் சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது.

யாரிடமும் சொல்ல முடியாது என்று இருந்தால், வா என்று ஒரு வார்த்தை எழுது. காலை பஸ்ஸில் ஏறி ஓசூருக்கு வாரேன். உன் அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ கண்ணைத் திறக்கும்வரை ஒன்றும் கேட்காமல் இருப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அப்பா